கடப்பா கல் ஷெல்ஃபுக்கு ஏற்ற பழைய ஸ்பீக்கர்

வேலூர்ப் பக்கம் பழைய வீடுகளில் ஹாலுக்கு ஒரு கடப்பா கல் ஷெல்ஃப் இருக்கும். ஸ்பீக்கரைக் கொண்டுபோய் அதில்தான் வைப்போம். இப்போது வரும் சின்ன ஸ்பீக்கர்களில் பலவற்றுக்கு முதுகில் ஓட்டை. அந்தப் பொந்துக்குள் தள்ளினால் தொம் தொம்மென்று ஒரே இரைச்சல், தவில் எது, பேஸ் கிடார் எது என்று பிரியாது. அந்த இடத்துக்கு 1960, 70களின் ஓட்டையில்லாத மூடிய பெட்டிதான் சரி. சுவர் பேஸை, அதாவது அடிக்குரல் ஒலியை, கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கும், ஆனால் அளவோடு.

1954இல் எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியைத் தொடங்கி ஏஆர்-1 என்ற மூடிய பெட்டி ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார்கள். லொடலொடவென்று தளர்ந்த கோன் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு), காற்றுப் புகாத பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங். சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் வந்தது இதனால்தான். சத்தம் குறைவு, பவர் அதிகம் கேட்கும்: ஆம்ப்ளிஃபயரில் சேனலுக்கு 30 வாட்டாவது வையுங்கள்.

காயலான் கடையில் பார்த்தால் மல்டிமீட்டரும் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியும் போதும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 5.5 முதல் 7 வரை காட்டும். ஆனால் இது பேஸ் கொடுக்கும் பெரிய ஊஃபரின் கணக்கு மட்டும். கீச்சொலிக்கான சின்ன ட்வீட்டருக்கு முன்னால் பேட்டரி மின்சாரத்தைத் தடுக்கும் கெபாசிட்டர் நிற்பதால், ட்வீட்டர் செத்திருந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. கழற்றித் தனியாகப் பாருங்கள். பேட்டரியை ஒரே மாதிரி தொட்டால் இரண்டு பெட்டியின் ஊஃபர் கோனும் ஒரே பக்கம் நகர வேண்டும். விரல்களைச் சுற்றிலும் வைத்துக் கோனை மெல்ல அழுத்துங்கள்: சரசரவென்று உரசினால் கோனுக்குப் பின்னால் உள்ள கம்பிச் சுருள், அதாவது காயில், போச்சு. உரசாமல், விட்டதும் நிதானமாகத் திரும்பினால் பெட்டியில் கசிவு இல்லை. அடிமூலை பொருமியிருந்தாலோ கரையான் மண் தெரிந்தாலோ வேண்டாம்.

கோனைச் சுற்றியுள்ள ஃபோம் நகம் பட்டதும் சாம்பலாக உதிர்ந்தால் பயப்படாதீர்கள், பேரம் பேசுங்கள். வெக்கையும் ஈரமும் எந்த ஃபோமையும் தின்றுவிடும். துணியும் ரப்பரும் தாங்கும். புது ஃபோம் ஒட்டும்போது நடக்கும் பெரிய தப்பு, கையில் கிடைத்த தடித்த ரப்பரை மாட்டுவது. கோன் விறைத்து, பேஸ் காணாமல் போகும். மெத்தென்ற ஃபோமே வேண்டும் என்று கறாராகச் சொல்லுங்கள். நடு மூடியை எடுத்து, காயிலைச் சுற்றிப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் கீற்றுகளைச் செருகினால் காயில் மையத்தில் நிற்கும். முதலில் கோனில் ஒட்டி, காய்ந்த பிறகு ஃபிரேமில். மெதுவாகக் காயும் வெள்ளைப் பசைதான் நல்லது, கோணலானால் திருத்த நேரம் கிடைக்கும். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகே கீற்றுகளை உருவ வேண்டும்.

சத்தம் மங்கலாக இருந்தால் கிராஸ்ஓவரில் (ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரிக்கும் சர்க்யூட்) உள்ள எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் வறண்டிருக்கலாம். அதே மைக்ரோஃபாரடில் 100 வோல்ட் ஃபிலிம் கெபாசிட்டர் போடுங்கள். ‘கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்’ என்று மதிப்பை ஏற்றினால் கீழ் அலைவரிசையும் ட்வீட்டருக்குள் பாய்ந்து அதை எரித்துவிடும்.

வைக்கும்போது பெட்டியின் முகம் கல்லின் விளிம்போடு சமமாக இருக்கட்டும். உள்ளே தள்ளினால் பாட்டு குகைக்குள்ளிருந்து வரும். அடியில் நான்கு ரப்பர் துண்டுகள் போதும். ஆம்பூர் ஷூ சோல் ரப்பர் அருமையாக உட்காரும். ஷெல்ஃப் தலைக்கு மேலே இருந்தால் பெட்டியைத் தலைகீழாக வையுங்கள், ட்வீட்டர் காதுக்குப் பக்கத்தில் இறங்கும்.