சேதாரக் கணக்கு

3 ஜூலை 2025, வியாழன்

பழைய வளையலை உருக்கிச் சங்கிலி செய்யச் சொன்ன அக்கா இன்று வந்தார். கொடுத்தது 24.60 கிராம், சங்கிலி 24.08. "மிச்சம் எங்க பத்தரே, காத்துலயா போச்சு?" என்றார். சேதாரம் என்றால் அப்படித்தான் என்று வழக்கம்போல் சமாளித்தேன். அவர் போனதும், மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். படிவம் 4, இந்த வருடம்தான் கிமியா, அதாவது வேதியியல், படிக்கிறாள்.

"ஜிசிம் காணாமப் போகாதுப்பா. லவாய்சியே அப்பவே சொல்லிட்டாரு."

ஜிசிம் என்றால் நிறை. தமிழ்ப்பள்ளியில் தமிழில் படித்ததெல்லாம் இப்போது மலாயில். தங்கம் உருக்கும் கிண்ணத்தை நான் மூசை என்பேன், அவளுக்கு அது மங்கோக் பிஜார்.

4 ஜூலை, வெள்ளி

லவாய்சியே பிரெஞ்சுக்காரராம். மூடிய பாத்திரத்தில் வைத்துக் காய்ச்சி, முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தவர். வரி வசூல் கம்பெனியில் பங்கு வைத்திருந்த குற்றத்துக்காக 1794-இல் தலையை வெட்டிவிட்டார்கள். எடையில் இவ்வளவு கறாரான ஆள் பினாங்கு ஸ்ட்ரீட்டில் பிறந்திருந்தால் நல்ல பத்தராக வந்திருப்பார்.

5 ஜூலை, சனி

கடையில் கூட்டமில்லை. தங்கம் 1064 டிகிரியில் உருகும், கொதிக்க 2800-க்கும் மேல் வேண்டும் என்று மகள் படித்துக் காட்டினாள். அப்படியானால் என் மூசையிலிருந்து தங்கம் ஆவியாகிப் போக வழியே இல்லை. உருகும்போது அணுக்கள் இடம் மாறி ஓடுகின்றன, அவ்வளவுதான். ஆறினால் அதே தங்கம். ஆனால் 916 என்பதில் ஆயிரத்துக்கு 916 பங்குதான் தங்கம். மிச்சம் செம்பும் வெள்ளியும். காய்ச்சினால் நகை கறுப்பது அந்தச் செம்பால்தான். அதைப் புளித்தண்ணீரில் போட்டு எடுப்பது அப்பா காலத்துப் பழக்கம். கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

6 ஜூலை, ஞாயிறு

சோதித்தே பார்த்துவிடுவோம் என்று செம்புக் கம்பிச் சுருள் ஒன்றை எடுத்தோம். 4.62 கிராம். சிவக்கக் காய்ச்சினேன். பழக்கதோஷம், கை தானாகவே அதைத் தண்ணீரில் முக்கிவிட்டது. துடைத்து எடை போட்டால் 4.55. "பாத்தியா, செம்புக்கும் சேதாரம்" என்றேன். அவள் தராசைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்தாள். அடியில் கறுப்புச் செதில்கள். எடை அங்கே கிடந்தது.

7 ஜூலை, திங்கள்

உலகப் பாரம்பரிய தினம், பினாங்குக்கு விடுமுறை. மறுபடியும் செய்தோம். இந்த முறை அவள்தான் முதலாளி. முதலில் வெறும் மூசையைக் காய்ச்சச் சொன்னாள், அதிலுள்ள ஈரம் போகவேண்டுமாம். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். (இது மட்டும் எனக்கு முன்பே தெரியும். 0.01 வரை காட்டும் தராசு காற்றடித்தாலே ஆடும்.) மூசையும் புதுச் சுருளும் சேர்ந்து 38.17. காய்ச்சியபின் மூசையிலேயே அரை மணி நேரம் ஆறவிட்டோம்.

38.20.

சைபர் சரிதானா என்று தராசை இரண்டு தடவை பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. முப்பது வருடம் நெருப்போடு புழங்கியவன், எரித்தால் எடை குறையும் என்றே நம்பியிருந்தேன். காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து செம்போடு ஒட்டிக்கொண்டது என்றாள். நாலு பங்கு செம்புக்கு ஒரு பங்கு ஆக்சிஜன், கிட்டத்தட்ட. இது உருகுவது மாதிரி இல்லை, பொருளே வேறாகிவிட்டது. ஆறவைத்தால் செம்பு திரும்பாது. அந்தக் கறுப்பைத்தான் நாம் புளியிலும், உருக்கும்போது போடும் வெங்கார உப்பிலும் கழித்துவிடுகிறோம். போவது பாதிக்கு மேல் செம்புதான் போலிருக்கிறது என்று உடனே ஒரு நினைப்பு வந்தது. ஆனால் அரம் ராவிய பொடி இருக்கிறதே.

8 ஜூலை, செவ்வாய்

ராவும் பொடி விழுவதற்காகப் பலகைக்குக் கீழே தொங்கும் தோலைத் தட்டி, தூரிகையால் கூட்டி எடுத்தேன். அந்த ஒரு சங்கிலியின் பொடி மட்டும் 0.42. ஆக, கணக்கில் வராதது 0.10. அது சொக்கத் தங்கமாகவே இருந்தாலும் 3 போட்டு 20 சைபர் அணுக்கள் என்றாள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. விரலில் ஒட்டினால் ஒரு துளிப் பொடிதான்.

9 ஜூலை, புதன்

அக்காவைக் கூப்பிட்டு முழுக் கதையையும் சொன்னேன். செம்பு, ஆக்சிஜன், வெங்காரம், எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"சரி பத்தரே, அப்ப அந்தப் பொடியக் குடுங்க."

காகிதத்தில் மடித்துத் தராசில் வைத்தேன். காகிதத்தின் எடையைக் கழிக்கவில்லை என்று உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்.