டைம்வாரியரை ஏஜென்ட் கையில குடுக்கறதுக்கு முன்னாடி

வேலை நேரத்த குறிச்சு வைக்க நான் டைம்வாரியர்தான் யூஸ் பண்றேன். டெர்மினல்ல ஓடுற ஓப்பன் சோர்ஸ் டூல், டாஸ்க்வாரியர்ங்கற டு-டூ லிஸ்ட் டூல பண்ணின அதே டீமோடது. ஸ்டார்ட்னு அடிச்சு ஒரு டேக் குடுத்தா ஓட ஆரம்பிக்கும், ஸ்டாப் அடிச்சா நிக்கும், சம்மரி கேட்டா அன்னிக்கு பண்ணது மொத்தமும் வந்து நிக்கும், அவ்ளோதான். இப்போ பாதி வேலை கோடிங் ஏஜென்ட் (சொன்னா தானே கமாண்ட் அடிச்சு கோட் எழுதற ஏஐ) வழியா போறதால இந்த குறிக்கிற வேலையையும் அதுகிட்டயே தள்ளிடலாம்னு ஏஜென்டுக்கு சொல்ல வேண்டியத எழுதி வெக்கற ஏஜென்ட்ஸ்.எம்டி ஃபைல்ல இதுக்குன்னு ஒரு செக்‌ஷன் எழுதினேன்.

இதுல கமாண்ட் லிஸ்ட் எழுதவே வேணாம். ஹெல்ப் அடிச்சு பாக்க ஏஜென்டுக்கு தெரியும், அதையே திரும்ப எழுதினா கான்டெக்ஸ்ட்தான், அதாவது அது ஒரே நேரத்துல நினைவுல வெச்சிக்கற இடம்தான் வீணாகும். மேனுவல் எழுதினவங்க "இத பாக்கறவனே புரிஞ்சிப்பான்"னு விட்டது இருக்கு பாருங்க, அத எழுதணும்.

முக்கியமா ஐடி. டைம்வாரியர்ல ஒவ்வொரு பதிவுக்கும் @1, @2ன்னு நம்பர் வரும், ஆனா அது நிரந்தர நம்பர் கிடையாது, கடைசியா வந்ததுதான் எப்பவுமே @1. புதுசா ஒண்ணு ஸ்டார்ட் பண்ணா பழசெல்லாம் ஒரு படி கீழ இறங்கிடும். நாம சம்மரிய கண்ணால பாத்துட்டு உடனே டெலிட் அடிப்போம், பிரச்சன இல்ல. ஏஜென்ட் என்ன பண்ணும்னா, முதல்ல எக்ஸ்போர்ட் (பதிவெல்லாம் டேட்டாவா வெளிய எடுக்கறது) எடுத்து "@3 தப்பா இருக்கு"ன்னு குறிச்சுக்கும், நடுவுல இன்னொரு வேலைய ஸ்டார்ட் பண்ணும், அப்புறம் வந்து @3ய டெலிட் பண்ணும். அந்த நேரத்துல @3ங்கறது வேற பதிவு, முன்னாடி @2வா இருந்தது. எரர் ஒண்ணும் வராது, சுத்தமா அழிஞ்சிடும். அதனால என் ஃபைல்ல முதல் வரியே இதுதான்: "எதையும் மாத்தறதுக்கோ அழிக்கறதுக்கோ சரியா முன்னாடி எக்ஸ்போர்ட் எடு, ஸ்டார்ட் டைமை வெச்சு பதிவ கண்டுபிடி, பழைய ஐடிய நம்பாத." அடுத்த வரி, பண்ணத திருப்பி எடுக்க அன்டூ கமாண்ட் இருக்குங்கறது.

ரெண்டாவது யூடிசி, அதாவது நம்ம நேரத்துக்கு 5:30 மணி நேரம் பின்னாடி இருக்கற உலகப் பொது நேரம். நாம டைப் பண்றது லோக்கல் டைம், ஆனா எக்ஸ்போர்ட்ல வர ஜேசான் டேட்டால எல்லாமே யூடிசி. காலைல 5 மணிக்கு உக்காந்து வேலை ஆரம்பிச்சா அது முந்தின நாள் 23:30ன்னு இருக்கும். "செவ்வாக்கிழம எவ்ளோ நேரம் வேலை பாத்தேன்"னு ஏஜென்ட்ட கேட்டா அது தேதிய மட்டும் வெட்டி எடுத்து கூட்டும், அதிகாலைல வேலை பாக்கற ஆளுக்கு கணக்கு மொத்தமா இடிக்கும். 5:30 கூட்டிட்டு அப்புறம் தேதிய பாருன்னு எழுதியே ஆகணும்.

அப்புறம் ஓவர்லாப். ஏற்கனவே இருக்கற நேரத்து மேல இன்னொண்ண போட்டா டைம்வாரியர் ஒத்துக்காது, டைமை திருத்து இல்லன்னா அட்ஜஸ்ட் ஹின்ட்ட குடுன்னு சொல்லும். மனுஷன் அத பாத்து ஒரு நிமிஷம் யோசிப்பான். ஏஜென்டுக்கு அந்த மெசேஜே ஆர்டர் மாதிரி, அட்ஜஸ்ட் போட்டு பழைய பதிவ வெட்டிட்டு "முடிச்சிட்டேன்"னு சந்தோஷமா சொல்லும். அட்ஜஸ்ட் போடாத, நிறுத்தி என்ன கேளுன்னு எழுதி வெச்சிருக்கேன்.

இதே டூல்ல ஒரே நேரத்துல ஒண்ணுதான் ஓடும், புதுசு ஸ்டார்ட் ஆனா பழசு தானா நின்னுடும். ரெண்டு ஏஜென்ட் பேரலலா ஓடுச்சுன்னா ஒண்ணோடத இன்னொண்ணு நிறுத்திட்டே இருக்கும், கடைசில குட்டி குட்டி துண்டா ஒரு லாக் கிடைக்கும், ஒண்ணுத்துக்கும் ஆகாது. டைம்வாரியர்டிபிங்கற என்விரான்மென்ட் வேரியபிள மாத்தி ஒவ்வொரு ஏஜென்டுக்கும் தனி ஃபோல்டர் குடுத்துட்டேன். ஆனா புது ஃபோல்டர்ல முதல் தடவ ஓடும்போது டேட்டாபேஸ் உருவாக்கவான்னு கேட்டு பதிலுக்கு நிக்கும், அத முன்னாடியே ஒரு தடவ நாமளே ஓட்டி வெச்சிடறது நல்லது.

டேக் விஷயம் சின்னதுதான், ஆனா கடுப்பாக்கும். இன்னிக்கு "பக்ஃபிக்ஸ்", நாளைக்கு "பக்-ஃபிக்ஸ்", மறுநாள் "ஃபிக்சிங்"னு அதுபாட்டுக்கு புதுசு புதுசா வெக்கும். டேக்ஸ் கமாண்ட் அடிச்சு இருக்கறதுலேர்ந்து மட்டும் எடுன்னு ஒரு வரி போட்டாச்சு.

எனக்கு ரொம்ப அவசியம்னு படறது இன்னொண்ணு: நேரத்த ஊகிச்சு எழுதாதங்கறது. ஒரு வேலைக்கு எவ்ளோ நேரம் ஆச்சுன்னு ஏஜென்டுக்கு உணர்வே கிடையாது, ஸ்டார்ட் பண்ண மறந்துட்டா "30 நிமிஷம் முன்னாடி"ன்னு அசராம போட்டுடும், டூலும் அத ஏத்துக்கும். கிட் கமிட் டைம் (கோட் மாத்தினத பதிவு பண்ண நேரம்) மாதிரி கைல ஆதாரம் இருந்தா போடு, இல்லன்னா காலியா விடுன்னு சொல்லிட்டேன். காலியா இருந்தா நானே நிரப்பிப்பேன், தப்பா நிரம்பி இருந்தா எனக்கு தெரியவே தெரியாது.

கிளையன்டுக்கு இன்வாய்ஸ் போடறப்ப நான் ஏஜென்டோட டேட்டாபேஸ் பக்கமே போறதில்ல. ராத்திரி அது தனியா ஓடுன மணி நேரத்துக்கு யார்கிட்ட காசு கேக்கறது? எந்த வேலைல அது சும்மா சுத்திட்டு கெடந்துதுன்னு பாக்கறதுக்கு மட்டும் அந்த லாக்க வெச்சிருக்கேன்.