விரல் வைத்துக் கேட்டால் தெரிந்துவிடும்

ஒரு பிள்ளைக்கு வாசிப்பு வந்துவிட்டதா என்று பார்க்க, நான் பாடத்தை முதலிலிருந்து படிக்கச் சொல்வதில்லை. நடுவில் ஏதோ ஒரு வார்த்தையில் விரல் வைத்து "இது என்ன?" என்று கேட்பேன். சிலர் உடனே சொல்லிவிடுவார்கள். சிலர் உதடு மட்டும் அசைய முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்த இடம் வந்ததும் டக்கென்று சொல்வார்கள். பதில் சரிதான், ஆனால் அது மனப்பாடம். வகுப்பே சேர்ந்து உரக்கப் படிக்கும்போது பெரும்பாலும் இவர்கள் குரல்தான் கணீரென்று கேட்கும், அதனாலேயே மூன்றாம் வகுப்பு வரைக்கும்கூட யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறார்கள். கூட்டுவாசிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை வைத்து மதிப்பிடாதீர்கள் என்கிறேன்.

247 எழுத்து என்றதும் பெற்றோர் மலைத்துப்போகிறார்கள். அத்தனையும் முடிந்த பிறகுதான் வார்த்தை என்று காத்திருக்கத் தேவையே இல்லை. ப, ட, ம் தெரிந்தால் படம் வந்துவிடும், ட்-டையும் காட்டினால் பட்டம், துணைக்காலைச் சேர்த்தால் பாடம். கூட்டிப் படித்தது தனக்குத் தெரிந்த வார்த்தையாக மாறும் அந்த ருசி முதல் வாரத்திலேயே கிடைக்க வேண்டும். உகர, ஊகார வரிசைதான் பாடாய்ப் படுத்தும், கு, சு, து, மு என்று ஆளுக்கொரு வடிவம்.

அப்புறம் கொம்பு. கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வர வேண்டியதோ அதற்கு அடுத்து நிற்கும் எழுத்தின் ஒலி. 'கொடி'யில் இரண்டு பக்கமும் குறி இருப்பதால், துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொண்டு 'கெரடி' என்று படிக்கும் பிள்ளைகள் உண்டு. இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது அநியாயம். கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டு "இது ஒரே எழுத்து" என்று காட்டினால் பலருக்கும் பிடிபட்டுவிடும்.

ஒலியிலும் சிக்கல் இருக்கிறது. 'பந்து'வில் வரும் ப வேறு மாதிரி ஒலிக்கிறது, 'அம்பு'வில் வரும் பு வேறு மாதிரி. எழுத்தை மட்டும் நம்பும் பிள்ளை அழுத்தி 'அம்ப்பு' என்று சொல்லி ஒரு நொடி நின்று, "ஓ, அம்பு!" என்று தானே திருத்திக்கொள்ளும். அம்பு என்ற சொல்லை முன்பே காதால் கேட்டிருந்தால்தான் அந்தத் திருத்தம் நடக்கும். 1986இல் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசித்துப் புரிந்துகொள்வதை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன், பெருக்கல், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். அதனால்தான் எழுத்துப் பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்று கதை சொல்வதை வெட்டுவது எனக்கு ஒப்புதல் இல்லை.

'வந்துவிட்டது' என்று அச்சிட்டிருப்பதை 'வந்துருச்சு' என்று வாசிக்கும் பிள்ளையை உடனே திருத்த வேண்டாம் என்பது என் கட்சி. அதற்குப் பொருள் புரிந்திருக்கிறது, தன் பேச்சுக்கு மாற்றிச் சொல்கிறது, அவ்வளவுதான். கதை முடியட்டும், அதன் பிறகு அந்த இடத்துக்குப் போய் "இங்கே எப்படி எழுதியிருக்கு பார்" என்றால் போதும்.

கடகடவென்று படித்துவிட்டு என்ன படித்தோம் என்றே தெரியாமல் நிற்பவர்களுக்குத் துண்டுச்சீட்டு கொடுப்பேன். 'எழுந்து போய் ஜன்னலைத் திற', 'உன் பையை நண்பனின் மேசையில் வை'. மனதுக்குள் படித்துவிட்டுச் செய்து காட்ட வேண்டும். வாய்விட்டுப் படிக்கக் கூச்சப்படும் பிள்ளையும் இதில் ஜம்மென்று போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வரும். அன்றைக்கு அதனிடம் சத்தமாகப் படித்துக் காட்டு என்று நான் கேட்பதில்லை.