பத்தொன்பதிலிருந்து பதினெட்டுக்கு: உத்தரவாதம் கெடாமல் டயர் அளவை மாற்றிய அனுபவம்

எங்கள் எஸ்யூவியை 2021-ஆம் ஆண்டில் வாங்கினோம். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை போகும் வகை அது. 19 அங்குல ரிம்மும் 225/55 ஆர் 19 அளவு டயரும் பொருத்தப்பட்டு வந்தது. ஐந்து ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம். கோலாலம்பூரின் செந்தூலில் வீடு, செகாம்புட்டைத் தாண்டி நான் கணிதம் கற்பிக்கும் தமிழ்ப்பள்ளி, மாதம் ஒருமுறை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தைப்பிங்கில் இருக்கும் அம்மா வீடு என்பதே வண்டியின் வழக்கமான ஓட்டம். அடைமழைக்குப் பிறகு தார் பெயர்ந்து கிடந்த குழிகளில் இறங்கி, ஒரே ஆண்டில் இரண்டு டயர்களின் பக்கச்சுவர் வீங்கிவிட்டது. வீக்கம் என்றால் உள்ளே இருக்கும் இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது, டயரை மாற்றத்தான் வேண்டும். ஒரு டயருக்கு 720 ரிங்கிட் வீதம் இருமுறை கொடுத்த பிறகு, 2024-இல் நான்கு டயர்களையும் மாற்றவேண்டிய கட்டம் நெருங்கியபோது, இதே அளவைத்தான் மறுபடியும் போடவேண்டுமா என்ற கேள்வி எழுந்தது.

ஜாலான் ஈப்போவில் நாங்கள் வழக்கமாகச் செல்லும் டயர் கடையில் வேலை செய்யும் தமிழ்த் தம்பி மிக அன்பானவர். அவர் உடனே ஒரு யோசனை சொன்னார். "அக்கா, 235/55 போடுங்க. கொஞ்சம்தான் பெருசு, இப்ப சலுகை விலையில கிடைக்குது, வண்டியும் கம்பீரமா நிக்கும். வாரண்டிக்கு ஒன்னும் ஆகாது." அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றார். அவர் பொய் சொல்லவில்லை, பலர் அப்படிப் போட்டுக்கொண்டுதான் ஓடுகிறார்கள். ஆனால், இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் உத்தரவாதம் மீதமிருக்கும் வண்டிக்கு அந்தப் பதில் போதாது என்று எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து மூன்று இடங்களைப் பார்த்தேன். முதலாவது, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் தெரியும் ஒட்டுவில்லை. எங்கள் வண்டிக்குரிய டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கின்றன. இரண்டாவது, வண்டியோடு வந்த கையேடு. அதன் பின்பகுதி அட்டவணையில், இதே மாடலின் எல்லா வகைகளுக்கும் உரிய டயர் அளவுகள் வரிசையாகத் தரப்பட்டிருந்தன. எங்களுடைய உயர்வகைக்கு 225/55 ஆர் 19 என்றும், அதற்குக் கீழே உள்ள வகைக்கு 225/60 ஆர் 18 என்றும் இருந்தது. கடைத்தம்பி சொன்ன 235/55 ஆர் 19 அந்த அட்டவணையில் எங்குமே இல்லை. மூன்றாவது, உத்தரவாதப் புத்தகம். இதை வாங்கிய நாளில் ஒருமுறை புரட்டியதோடு சரி.

டயரின் மேலுள்ள எண்களைப் படிப்பது ஆறாம் ஆண்டு மாணவர்களும் செய்யக்கூடிய கணக்கு. 225 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 19 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். ஆகவே, 225-இல் 55 விழுக்காடு 123.75 மில்லிமீட்டர். மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர் சேர்ந்தால் 247.5. அதோடு 19 அங்குலத்துக்குரிய 482.6-ஐக் கூட்டினால், சக்கரத்தின் முழுக் குறுக்களவு ஏறத்தாழ 730 மில்லிமீட்டர். இதே கணக்கின்படி 235/55 ஆர் 19 டயர் 741 மில்லிமீட்டர் வருகிறது, அதாவது ஒன்றரை விழுக்காடு கூடுதல். 225/60 ஆர் 18 டயரோ 727 மில்லிமீட்டர். அசல் அளவுக்கும் இதற்கும் வேறுபாடு அரை விழுக்காடுகூட இல்லை. ஆனால் பக்கச்சுவர் 135 மில்லிமீட்டராக உயர்வதால், குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே 11 மில்லிமீட்டர் கூடுதல் இரப்பர் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது அதுதான். கம்பீரத்துக்காகப் பெரிதாக்குவதைவிட, தயாரிப்பாளரே ஏற்றுக்கொண்ட சிறிய ரிம்முக்கு இறங்குவதே வழி என்று அந்த இரவே எனக்குத் தோன்றிவிட்டது.

ஒன்றரை விழுக்காட்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். முன்சக்கரம் மட்டும் இயங்கும் வண்டியில், நான்கு டயர்களும் ஒன்றாக மாறும்போது, வேகமானி சற்றுக் குறைத்துக் காட்டுவதைத் தவிரப் பெரிய விளைவு இல்லாமல் போகலாம். நான்கு சக்கர இயக்கத்தில்தான் கவனம் கூடுதலாகத் தேவை. முன் அச்சையும் பின் அச்சையும் இணைக்கும் கப்ளிங், இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதையே இயல்பாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. ஓர் அச்சில் சிறிய சக்கரமும் மற்ற அச்சில் பெரிய சக்கரமும் இருந்தால், நேர்ச்சாலையில் ஓடும்போதுகூட அது ஓயாமல் வழுக்கிச் சூடேறிக்கொண்டிருக்கும். இதை யோசித்தபோது இன்னொரு கணக்கும் புலப்பட்டது. புதிய டயரின் வரிப்பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர், எங்கள் தேய்ந்த டயரில் அளந்தபோது 3 மில்லிமீட்டர். ஆரத்தில் 5 மில்லிமீட்டர் குறைந்தால், குறுக்களவில் 10 மில்லிமீட்டர் குறைகிறது. அதாவது, ஒரே அளவு டயர்தான் என்றாலும், இரண்டை மட்டும் புதிதாக்கிவிட்டு மற்ற இரண்டைத் தேய்ந்தபடி விட்டால், அளவு மாறிய டயரைக் கலந்து போட்டதற்கு ஏறக்குறைய ஒப்பாகிவிடும். "முதல்ல முன்னாடி ரெண்டு மட்டும் மாத்துங்க, பின்னாடி அப்புறம் பாக்கலாம்" என்று பலரும் நல்லெண்ணத்தோடு சொல்வதை, இந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் ஏற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எங்கள் கையேடும் நான்கையும் ஒரே அளவாக, ஒரே தயாரிப்பாக, ஒரே நேரத்தில் மாற்றச் சொல்கிறது.

அடுத்து உத்தரவாதப் புத்தகம். டயரை மாற்றினால் உத்தரவாதம் முழுவதும் போய்விடும் என்று அக்கம்பக்கத்தில் சிலர் அச்சுறுத்தினார்கள், எதுவும் ஆகாது என்று வேறு சிலர் தைரியம் சொன்னார்கள். எங்கள் புத்தகத்தில் இருந்தது இரண்டுமே இல்லை. தயாரிப்பாளர் குறிப்பிடாத அளவுள்ள டயராலோ ரிம்மாலோ ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்பதே அதன் சாரம். ஆக, அளவை மாற்றியதற்காகக் குளிர்சாதனத்தின் பழுதை அவர்கள் மறுக்க முடியாது. ஆனால் சக்கர பேரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டீயரிங் இணைப்புகள், நான்கு சக்கர இயக்கக் கப்ளிங் ஆகியவற்றில் பழுது வந்தால், முதலில் டயரைத்தான் பார்ப்பார்கள். டயருக்கான உத்தரவாதம் தனி. அதை டயர் நிறுவனமே தருகிறது, குழியில் விழுந்து வீங்கியதை அது ஏற்பதில்லை.

இணையத்தில் தேடியபோது, பாகத்தை மாற்றியதற்காக உத்தரவாதத்தை மறுக்கவே முடியாது என்று அமெரிக்கர்கள் உறுதியாகப் பேசும் காணொளிகள் நிறையக் கிடைத்தன. அவர்கள் சொல்வது, 1975-இல் அங்கே இயற்றப்பட்ட மேக்னசன் மாஸ் உத்தரவாதச் சட்டத்தை வைத்து. அந்தச் சட்டம் கோலாலம்பூரில் செல்லாது. நமக்குள்ளது 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் இயங்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றமும். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே அங்கே கொண்டுபோகலாம். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று இந்தச் சட்டம் நமக்கு உறுதி தருகிறது. இருந்தாலும், நடுவர் மன்றம் வரை போய் வாதாடுவதைவிட, மாற்றுவதற்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்குவது எளிது.

இந்த ஒப்புதலைப் பெறத்தான் அதிக நாள் ஆனது. பெட்டாலிங் ஜெயாவில் நாங்கள் போகும் சர்வீஸ் சென்டரில் ஆலோசகர் முகப்பிலேயே, "போடலாம் மேடம், பிரச்சினை இல்லை" என்றார். அதை எழுதித் தர முடியுமா என்று கேட்டதும் தயங்கி, தலைமையகத்தைக் கேட்க வேண்டும் என்றார். அன்றே மின்னஞ்சல் அனுப்பினேன். வண்டியின் பதிவெண், சேசிஸ் எண், இப்போதைய டயர் அளவு, போட விரும்பும் அளவு, அதன் சுமைக் குறியீடு, வேகக் குறியீடு, ரிம்மின் அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியோடு பொருந்தும் முகத்துக்கும் உள்ள தொலைவு, மில்லிமீட்டரில்) ஆகிய அனைத்தையும் எழுதி, பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் முன் பிரேக் காலிப்பர் 18 அங்குல ரிம்முக்குள் இடிக்காமல் அமருமா என்பதையும் சேர்த்துக் கேட்டேன். கடைசிக் கேள்வி முக்கியமானது. கீழ்வகைக்குச் சிறிய பிரேக் தட்டு கொடுத்திருந்தால், அதன் ரிம் உயர்வகை வண்டியில் ஏறாது. ஒன்பது நாளுக்குப் பிறகு பதில் வந்தது. இரு வகைக்கும் பிரேக் பாகங்களின் எண் ஒன்றே, கையேட்டில் உள்ள அளவு என்பதால் மாற்றம் ஏற்கப்படும், ஆனால் வெளியில் வாங்கும் ரிம்முக்கு அவர்கள் பொறுப்பில்லை என்று மூன்றே வாக்கியங்கள். அதை அச்சிட்டு உத்தரவாதப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

சுமைக் குறியீட்டை ஏன் கேட்டேன் என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் 19 அங்குல டயரில் 99 வி என்றிருந்தது. 99 என்றால் ஒரு டயர் 775 கிலோகிராம் தாங்கும், வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் வரை. கையேட்டில் 18 அங்குலத்துக்கு 100 எச் என்று இருந்தது, அதாவது 800 கிலோகிராம், 210 கிலோமீட்டர். வேகக் குறியீடு குறைகிறதே என்று முதலில் கலங்கினேன். ஆனால் தயாரிப்பாளரே அந்த அளவுக்கு அதைத்தான் குறிப்பிட்டிருக்கிறார், நம் நெடுஞ்சாலையின் உச்ச வேகமும் 110 கிலோமீட்டர்தான். சுமைக் குறியீடு குறைந்திருந்தால் கட்டாயம் விலகியிருப்பேன், ஏனென்றால் தைப்பிங்கிலிருந்து திரும்பும்போது ஐந்து பேரும் அம்மா கட்டிக் கொடுக்கும் மூட்டைகளும் வண்டியில் இருப்போம்.

ரிம்முக்குக் கீழ்வகையின் அசல் ரிம்களையே தேடினேன். புதிய வண்டி வாங்கியதும் அழகுக்காக ரிம்மை மாற்றியவர்கள் கழற்றி விற்கும் அசல் ரிம்கள் நல்ல நிலையில் கிடைக்கின்றன. நான்குக்கும் சேர்த்து 1,600 ரிங்கிட் கேட்டார்கள். உட்புறத்தில் வார்த்திருந்த பாக எண்ணையும் ஆஃப்செட்டையும் படமெடுத்துச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிச் சரிபார்த்த பிறகே பணம் கொடுத்தேன். என்னோடு பணியாற்றும் ஓர் ஆசிரியரின் வண்டியில் ஆஃப்செட் 45-க்குப் பதிலாக 30 உள்ள ரிம் போட்டிருந்தார்கள். சக்கரத்தின் நடுக்கோடு 15 மில்லிமீட்டர் வெளியே தள்ளப்பட்டதால் பேரிங்கின் மீது விழும் நெம்புவிசை கூடி, ஒன்றரை ஆண்டில் அது இரைச்சலிட்டது. உத்தரவாதக் கோரிக்கையும் மறுக்கப்பட்டது. டயர் அளவை மட்டும் பார்த்துவிட்டு ஆஃப்செட்டை விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

டயர் வாங்குவதற்கு அதே ஜாலான் ஈப்போ கடைக்கே போனேன். தம்பி என் தாள்களை வாங்கிப் பொறுமையாகப் படித்துவிட்டு, "அக்கா, இது தெரிஞ்சிருந்தா நானே இதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். ஒரு டயர் 480 ரிங்கிட். பக்கச்சுவரில் டாட் எண் எனப்படும் தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்த்தேன். முதல் இரண்டும் தயாரான வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. மலேசியத் தரமான எம்எஸ் 149 குறியும் இருந்தது. ரிம்மையும் சேர்த்தால் 3,520 ரிங்கிட், 19 அங்குல டயர்களை மட்டும் மாற்றியிருந்தால் 2,880. ஆக, முதல் நாளில் இது இலாபமில்லை. ஒரு டயராவது வீங்காமல் தப்பினால்தான் கணக்கு நேராகும்.

பொருத்திய அன்று மூன்று செயல்களை வற்புறுத்தினேன். பழைய ரிம்களிலிருந்த காற்றழுத்த உணரிகளைக் கழற்றிப் புதியவற்றில் மாட்டச் சொன்னேன். நட்டுகளை, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லி, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி வந்து சரிபார்த்தேன். காற்றழுத்தத்தைப் பழைய ஒட்டுவில்லையைப் பார்த்து வைக்காமல், கையேட்டில் 18 அங்குலத்துக்கு உரிய எண்ணுக்கு வைக்கச் செய்தேன். கதவுத் தூணில் இருப்பது இன்னும் 19 அங்குலத்தின் எண் என்பதால், எரிபொருள் நிலையத்தில் என் கணவரும் பிள்ளைகளும் தவறிவிடாதபடி ஒரு சிறு சீட்டு எழுதிக் கையுறைப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். தயாரிப்பாளரின் அளவு என்பதால் சந்தாவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. கழற்றிய 19 அங்குல ரிம்கள், வண்டியை விற்கும் நாளுக்காக வீட்டில் பத்திரமாக இருக்கின்றன.

வேகமானி 110 காட்டும்போது ஜிபிஎஸ்ஸில் முன்பு 106 வந்தது, இப்போதும் 106-ஐ ஒட்டியே வருகிறது. சாலை வளைவில் முன்பிருந்த இறுக்கம் சற்றுக் குறைந்திருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. குழிகளில் இறங்கும் ஓசை மட்டும் வெகுவாக மழுங்கிவிட்டது.

78,000 கிலோமீட்டரில் பின்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் கசிந்தது. சர்வீஸ் சென்டரில் வண்டியை ஏற்றியதும், பணியாளர் முதலில் குனிந்து டயரின் எண்களைத்தான் படித்தார். இது இந்த வகைக்குரிய அளவு இல்லையே என்றார். புத்தகத்துக்குள் இருந்த அந்த மூன்று வாக்கியத் தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் படியெடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டார். நான்கு நாளில் புதிய ஷாக் அப்சார்பரைக் கட்டணமின்றிப் பொருத்திக் கொடுத்தார்கள்.