பேட்டரி மாத்துனதுல இருந்து கார் எஞ்சின் ஐடில்ல (ஆக்சிலரேட்டர தொடாம சும்மா ஓடற நேரத்துல) ஓடாம ஆஃப் ஆயிருது

ஜூலை 8
பழைய பேட்டரிக்கு நாலு வயசு, காலைல செல்ஃப் அடிச்சா முனகல்தான். காந்திபுரம் பக்கம் ஒரு கடைல புதுசு போட்டாச்சு, 35 ஆம்பியர் ஹவர், பழசுக்கு கொஞ்சம் கழிச்சுக்கிட்டாங்க. சந்தோஷமா கிளம்பி லட்சுமி மில்ஸ் சிக்னல்ல கிளட்ச்ச மிதிச்சா எஞ்சின் பொசுக்குன்னு ஆஃப். திரும்ப ஸ்டார்ட் பண்ணா ஆர்பிஎம் முள்ளு 500கிட்ட தள்ளாடுது, ஏசிய தொட்டா அதுவும் போச்சு. ஆக்சிலரேட்டர்ல லேசா கால வச்சுக்கிட்டேதான் வீடு வந்து சேந்தேன்.

ஜூலை 9
இன்னைக்கு வேற கதைங்க. சாவிய திருப்புனா 'டக்'னு ஒரு சத்தம், மீட்டர் லைட்டெல்லாம் மங்குது, அவ்ளோதான். பானெட்ட திறந்து மைனஸ் டெர்மினல புடிச்சு திருப்புனா கையோட சுத்துது! புது பேட்டரியோட கம்பம் கொஞ்சம் ஒல்லி, பழைய கிளாம்ப் விரிஞ்சு போயிருக்கு, பத்தாம் நம்பர் ஸ்பேனர் போட்டு கடைசி வரைக்கும் இறுக்கியும் புடிக்கல. எலக்ட்ரிக்கல் கடை அண்ணா ஈயத்துல ஒரு வளையத்த சொருகி முறுக்கி குடுத்தாரு. செல்ஃப் இப்ப டக்கர். ஐடில் மட்டும் அப்படியேதான்.

ஜூலை 10
ஒருத்தர் ஃப்யூவல் பம்ப்னாரு, இன்னொருத்தர் ஆல்டர்னேட்டரே (எஞ்சின் ஓடறப்ப பேட்டரிய சார்ஜ் பண்றது) போச்சுன்னு கொட்டேஷனே குடுத்துட்டாரு. மல்டிமீட்டர் வச்சு பாக்காம எப்படி சொல்றாங்கன்னு தெரியல. நானே பாத்தேன், எஞ்சின் ஆஃப்ல 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கறப்ப 10க்கு கீழ இறங்கல, ஓடறப்ப 14.2, ஹெட்லைட் ஏசி எல்லாம் போட்டும் 13.9. இதுக்கு மேல ஆல்டர்னேட்டர் என்னத்த குடுக்கணும்? வண்டி கம்ப்யூட்டர்ல ஸ்கேனர் போட்டா ஃபால்ட் கோடு (கோளாறு பதிவு) ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு, ஆனா அத நம்பவும் முடியாது, பேட்டரிய கழட்டுனா நிறைய வண்டில பழைய கோடெல்லாம் அழிஞ்சிரும்.

ஒண்ணு சொல்லிடறேன், ஓடும்போது ஆஃப் ஆனா பவர் ஸ்டியரிங் இரும்பாயிரும், பிரேக்க லேசாக்கற பூஸ்டர்ல மிச்ச வாக்குவம் ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் வரும். அதனால பிரேக்க விட்டு விட்டு மிதிக்காம ஒரே மிதியா அழுத்தி ஓரங்கட்டணும். இந்த நிலைமைல பைபாஸ் பக்கமே போகக்கூடாது.

ஜூலை 12
தெரிஞ்ச மெக்கானிக் ஏர் ஹோஸ கழட்டி எஞ்சினுக்கு காத்து போற வழில இருக்கற திராட்டில் பாடிய காட்டுனாரு, பட்டாம்பூச்சி தகட்ட சுத்தி கரி அப்பிக்கிடக்கு. வருஷக்கணக்கா கரி ஏற ஏற காத்து வழி குறையுது, வண்டியோட கம்ப்யூட்டரும் அதுக்கேத்த மாதிரி தகட்ட கொஞ்சம் கொஞ்சமா கூடுதலா திறந்து சமாளிச்சுட்டே வந்திருக்கு. பேட்டரிய கழட்டுனதும் அந்த கணக்கு மறந்துபோச்சு, புது வண்டி மாதிரி கொஞ்சூண்டு திறக்குது, கரி மட்டும் பழசு. காத்து பத்தல, நின்னுருது. பேட்டரி கடைக்காரர் மேல பாதி கோவம் இங்கேயே போயிருச்சு, மீதி பாதி அந்த கிளாம்ப்புக்கு.

கரி எடுக்கற ஸ்ப்ரேவ தகட்டுல நேரா அடிக்காம துணில அடிச்சு தொடச்சாரு. சாவி ஆன்ல இருக்கறப்ப தகட்ட விரலால தள்ளுனா உள்ள மோட்டார் கியர் போயிருமாம், அதனால சாவிய கைல குடுத்து என்ன தள்ளி நிக்க சொல்லிட்டாரு.

ஜூலை 13
மாட்டி ஸ்டார்ட் பண்ணா இப்ப 1200ல அலறுது! இந்த நாலஞ்சு நாள் கரியோட ஓடி கத்துக்கிட்ட கொஞ்ச கணக்குதான் காரணமாம். வேணும்னே மைனஸ கழட்டி கொஞ்ச நேரம் விட்டு மாட்டுனோம். அப்புறம் ஏசி, லைட்டு எதுவும் இல்லாம, ஆக்சிலரேட்டர தொடாம, ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிக்கற வரைக்கும் சும்மா ஐடில்ல விட்டோம், அடுத்து ஏசிய போட்டு இன்னும் கொஞ்ச நேரம். எல்லா வண்டிக்கும் இதே முறை இல்ல, சிலதுக்கு ஸ்கேனர்லதான் செட் பண்ண முடியும். நம்மளுது 750ல வந்து உக்காந்துச்சு.

ஜூலை 16
அவினாசி ரோடு ட்ராஃபிக்ல ஏசியோட போய்ட்டு வந்தாச்சு, கம்ப்ரசர் சேரும்போது முள்ளு லேசா இறங்கி தானா ஏறுது. செலவு ஒரு ஸ்ப்ரே டப்பா, ஈய வளையம், மெக்கானிக் கூலி. ஆல்டர்னேட்டர் அண்ணா இன்னும் வாட்ஸாப்ல 'எப்ப சார் வண்டி விடறீங்க'ன்னு கேட்டுட்டே இருக்காரு.