ஸ்டாக்ஹோம் பக்கம் வீடு தேடிய கதை: ஊர்ப் பெயரைவிட ரயில் பாதை முக்கியம்

எனக்கு வேலை ஷிஸ்தாவில். ஐடி கம்பெனிகள் நிறைந்த பகுதி, நம் ஊர் முகங்களும் நிறைய. அலுவலகம் கொஞ்ச நாளைக்குத் தங்க இடம் கொடுத்தது. அதற்குள் வீடு பிடித்துவிட வேண்டும், மனைவியும் குழந்தையும் அப்புறம் வருவார்கள் என்பது ஏற்பாடு. இப்போது வரப்போகிறவர்கள் பலர் கேட்பதால் எழுதிவைக்கிறேன்.

ஸ்டாக்ஹோம் என்று நாம் பொதுவாகச் சொல்லும் இடம் உண்மையில் 26 கம்யூன்கள் சேர்ந்த பகுதி. நம் ஊர் நகராட்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதிகாரம் ரொம்ப அதிகம். பள்ளி, குழந்தைகள் காப்பகம், முதியோர் பராமரிப்பு, புதிதாக வந்தவர்களுக்கு ஸ்வீடிஷ் வகுப்பு எல்லாம் கம்யூன் பொறுப்பு. வருமான வரியில் ஒரு பங்கும் அதற்குத்தான் போகிறது, விகிதமும் இடத்துக்கு இடம் மாறும். வடகிழக்கே ஓஸ்தெரோக்கரில் நாட்டிலேயே மிகக் குறைந்த விகிதங்களில் ஒன்று, தெற்கே பூட்ஷிர்க்காவில் அதைவிடக் கணிசமாக அதிகம். முந்தைய ஆண்டு நவம்பர் 1 அன்று உங்கள் முகவரி எந்தக் கம்யூனில் பதிவாகியிருக்கிறதோ, அதன் விகிதம்தான் அடுத்த ஆண்டு முழுக்க.

வாடகைக்கு இரண்டு வழி. முதலாவது, நகராட்சி நடத்தும் வாடகை வரிசை. ஆண்டுக்கு 200 குரோனர் கட்டிப் பெயரைப் பதிந்தால் ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளி சேரும். கட்டணம் கட்ட மறந்தால் சேர்த்த நாட்கள் அத்தனையும் போச்சு. ஒப்பந்தம் நம் பெயரிலேயே கிடைக்கும், காலக்கெடு இல்லை, வாடகையும் நியாயம். ஆனால் சராசரிக் காத்திருப்பு ஒன்பது ஆண்டுகள் அளவில், நகர மையம் என்றால் இன்னும் மோசம். நம்பி உட்கார முடியாது, அதற்காகச் சேராமலும் இருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு 18 வயது நிறைந்ததும் ஸ்வீடிஷ் பெற்றோர் இதில்தான் முதலில் பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள்.

இரண்டாவது, செகண்ட் ஹேண்ட் ஒப்பந்தம். அடுக்கக வீட்டை வைத்திருப்பவர் கொஞ்ச காலம் வேறெங்கோ போகும்போது நமக்கு விடுகிறார், பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு. இதற்கு அந்தக் கட்டிடத்தின் குடியிருப்போர் சங்கம் அனுமதி தர வேண்டும். அந்த அனுமதியை எழுத்தில் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். மழுப்பினால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுங்கள். விளம்பரங்களில் ஏமாற்று வேலையும் உண்டு. எனக்கு வந்த ஒரு பதிலில், உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம், முன்பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வருமாம். படங்களில் வீடு அரண்மனை, வாடகையோ பாதி. நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு குரோனர்கூட அனுப்புவதில்லை என்று வைத்திருந்ததால் அதோடு விட்டேன்.

கடைசியில் கிடைத்தது சொல்லென்தூனா கம்யூனைச் சேர்ந்த ரோத்தெப்ரோவில். அலுவலகத்தில் பலர், "அவ்வளவு தூரமா?" என்றார்கள். புறநகர் ரயிலில் ஹெலனெலுண்ட் நான்காவது நிறுத்தம், அங்கிருந்து E4 நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஷிஸ்தா, நடந்தே போகலாம். நகருக்குள்ளேயே தெற்கு ஓரத்தில் இருந்து மெட்ரோ மாறி வந்த நண்பருக்கு என்னைவிட நேரம் பிடித்தது. 2017இல் டிக்கெட் மண்டலங்களை எடுத்துவிட்டதால், தூரம் எவ்வளவு ஆனாலும் மாதப் பாஸ் ஒரே விலை. அதனால் நகரத்துக்குள் ஒண்டுவதைவிட, வேலைக்கு நேராக ஓடும் ஒரு ரயில் பாதையைப் பிடித்து, அதன் வழியிலேயே நகரத்துக்கு வெளியே தள்ளிப் போவதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

வீடு கிடைத்ததும் பர்சனல் நம்பர், அதாவது இங்கே வசிப்பவர்களுக்கு வரி அலுவலகம் தரும் அடையாள எண். குறைந்தது ஒரு வருஷம் தங்கும் உரிமையும் எண்ணமும் இருந்தால்தான் பதிவு. அரசு சேவை மையத்துக்குக் குடும்பமாக நேரில் போக வேண்டும். பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி அட்டை, திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், எல்லாம் அசல். அதன் பிறகு எண் தபாலில் வரும். இங்கேதான் யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம். பழைய கட்டிடங்களில் தபால்காரர் மாடி ஏறி வந்து, வீட்டுக் கதவில் இருக்கும் துவாரத்துக்குள் கடிதத்தைப் போடுகிறார். கதவில் உங்கள் பெயர் இல்லை என்றால் கடிதம் திரும்பிப் போய்விடலாம். கதவில் உரிமையாளரின் பித்தளைப் பலகைதான் இருந்தது. அதற்குக் கீழே அவரே ஒரு துண்டுக் காகிதத்தில் எங்கள் குடும்பப் பெயரை எழுதி, செலோடேப் ஒட்டிக் கொடுத்தார். முகவரியிலும் அவர் பெயரை 'கேர் ஆஃப்' என்று சேர்த்தோம். எண் வராமல் அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாமல் பேங்க்ஐடி என்கிற மின்னணு அடையாளம் இல்லை, பேங்க்ஐடி இல்லாமல் இந்த நாட்டில் அனேகமாக எதுவும் இல்லை. அத்தனையும் அந்தச் செலோடேப்பில் தொங்கியது!

குழந்தைக்கான காப்பகம்தான் கம்யூன் எல்லையின் அருமையைக் காட்டியது. விண்ணப்பித்ததிலிருந்து நான்கு மாதத்துக்குள் கம்யூன் இடம் தர வேண்டும் என்பது சட்டம். கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு, நம் ஊர்ப் பள்ளிக் கட்டணத்தை நினைத்தால் சிரிப்பு வரும். ஆனால் பொறுப்பு நீங்கள் பதிவாகியிருக்கும் கம்யூனுக்குத்தான். எங்கள் ரயிலின் அடுத்த நிறுத்தம் உப்லண்ட்ஸ் வேஸ்பி. அது வேறு கம்யூன். ஒப்பந்தம் முடிந்து அங்கே மாறிப்போன ஒரு குடும்பம், காப்பகத்துக்கு மறுபடி விண்ணப்பம் போட வேண்டியதாயிற்று. ஒரே நிறுத்தம்தான் தள்ளிப் போனார்கள். வருஷத்துக்கு வருஷம் வீடு மாறுகிறவர்கள், முடிந்தவரை ஒரே கம்யூனுக்குள் மாறுங்கள். மாறினால் ஒரு வாரத்துக்குள் வரி அலுவலகத்தில் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம்.

ஊரிலிருந்து பெற்றோர் வரும்போது உதவும் ஒன்று. ஆர்லாண்டா விமான நிலையத்துக்குள்ளேயே புறநகர் ரயில் போகிறது, ஆனால் அந்த நிலையத்தில் ஏறி இறங்கத் தனிக் கட்டணம். மாஷ்தா வரை ரயிலில் போய் 583ஆம் எண் பேருந்து பிடித்தால் சாதாரண டிக்கெட்டே போதும். பெட்டிகள் அதிகம் என்றால் மட்டும் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், பனிக்காலத்தில் பேருந்து நிறுத்தத்தில் வயதானவர்களை நிற்க வைக்க வேண்டாம்.