காரில் போலோ: டயருக்கு யார் காசு கொடுத்தது?

போலோ என்றால் குதிரை, அதன்மேல் உட்கார்ந்து மட்டையால் பந்தடிக்கிற ஆட்டம். அது மலேசியாவில் நம்ம பேராக் மாநிலத்துக்காரர்களுக்குத் தெரியாததில்லை, ஈப்போவிலேயே இஸ்கந்தர் போலோ கிளப் இருக்கிறது, உள்ளே போய் ஆட்டம் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பது வேறு கதை. ஆனால் குதிரையை விட்டுவிட்டுக் காரில் ஏறி போலோ ஆடிய ஒரு கூட்டம் நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் இருந்தது என்று இங்கே சுங்கை சிப்புட்டில் சொல்லிப் பாருங்கள், ஒரு பயல் நம்பமாட்டான். நானும் போனில் படத்தைக் காட்டித்தான் நம்பவைத்தேன். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்தக் காலத்துப் பத்திரிகைப் படங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. கதவில்லாத, கூரையில்லாத, முன்கண்ணாடிகூட இல்லாத கார்கள். ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், இன்னொருவர் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு ஒரு கையில் மட்டையோடு பந்தை நோக்கிச் சாய்ந்திருப்பார். சில படங்களில் கார் கவிழ்ந்தே கிடக்கும்.

முதலில் இது பணக்காரர் வீட்டு வேடிக்கையாகத்தான் தொடங்கியது. 1902-ல் பாஸ்டன் பக்கத்து டெடம் போலோ கிளப்பைச் சேர்ந்த ஜோஷுவா கிரேன் என்பவர் காரில் உட்கார்ந்து போலோ ஆடிக் காட்டினார். அது அப்படியே அமுங்கிவிட்டது. ஊரெல்லாம் பேசவைத்தவர் ஒரு கார் வியாபாரி: கான்சாஸ் மாநிலம் டொப்பீகாவில் ஃபோர்டு விற்றுக்கொண்டிருந்த ரால்ஃப் ஹாங்கின்சன். மாடல் டி காரை ஜனங்கள் கண்ணில் படவைக்க 1911-ல் அவர் போட்ட திட்டம்தான் இந்த கார் போலோ. அடுத்த வருடம் ஜூலை 20-ம் தேதி விச்சிட்டாவில் மாட்டுத் தீவனம் விளையும் ஒரு வயலில் நடந்த ஆட்டத்துக்கு 5,000 பேர் கூடினார்கள் என்கிறார்கள். நான்கு கார், எட்டு ஆட்கள். ஒரு அணிக்கு ரெட் டெவில்ஸ், இன்னொன்றுக்கு கிரே கோஸ்ட்ஸ் என்று பெயர். அதாவது பிசாசும் ஆவியும் மோதிக்கொண்டன. நம்ம ஊர்க் கால்பந்து அணிக்காரர்கள் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம், எல்லா அணிக்கும் புலி, சிங்கம் என்றே பெயர் வைத்து வைத்துச் சலித்துவிட்டது.

அப்புறம் பற்றிக்கொண்டது. அதே 1912 நவம்பரில் வாஷிங்டன் லீக் பார்க்கில் ஆடினார்கள். நியூயார்க்கில் கோனி ஐலண்டிலும் மேடிசன் ஸ்கொயர் கார்டனிலும் ஆடினார்கள். 1920-கள் வரைக்கும் ஊர்ச் சந்தை, திருவிழா என்று எங்கே கூட்டம் கூடுமோ அங்கெல்லாம் இந்தக் கூத்து போனது.

ஆட்டம் எப்படி என்றால், ஒரு அணிக்கு இரண்டு கார், காருக்கு இரண்டு பேர். ஓட்டுகிறவர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பார். மட்டைக்காரருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது, காரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கவேண்டியதுதான். பந்து கூடைப்பந்து அளவு. மட்டையின் தலை மட்டும் 3 பவுண்டு, கிட்டத்தட்ட 1.4 கிலோ. அவ்வளவு கனம் எதற்கு என்று முதலில் எனக்கும் புரியவில்லை, யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது: ஓடுகிற காரிலிருந்து அவ்வளவு பெரிய பந்தை லேசான மட்டையால் அடித்தால் பந்து போகாது, மட்டைதான் அடித்தவர் முகத்துக்குத் திரும்பி வரும். கார்கள் மணிக்கு 40 மைல், அதாவது 64 கிலோமீட்டர் வரை போகும். போய்க்கொண்டே சடாரென்று திரும்பும்.

திடலின் அளவைக் கேட்டால்தான் வயிற்றைக் கலக்கும். 300 அடி நீளம், 120 அடி அகலம் இருந்தால் போதும், இரண்டு முனையிலும் 15 அடி அகலத்தில் கோல். குதிரைப் போலோவுக்கு 300 கெஜம் நீளம் வேண்டும், இவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்கில் நான்கு காரை விட்டு ஓட்டினார்கள். எங்கள் தோட்டத்துத் திடலே இதைவிடப் பெரிசு. அதில் பையன்கள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் சுற்றினாலே பாட்டிமார்கள் சத்தம் போடுவார்கள்.

இதற்கு மாடல் டி எப்படி ஈடுகொடுத்தது என்பதைப் பட்டறைக்காரர்கள் கவனிக்கவேண்டும். அந்தக் காரில் இப்போதுபோல் கிளட்ச், கியர் கம்பி, ஆக்சிலேட்டர் பெடல் கிடையாது. கீழே மூன்று பெடல். இடது பெடலை அழுத்தினால் முதல் கியர், விட்டால் மேல் கியர், பாதியில் நிறுத்தினால் நியூட்ரல். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கம்பி, கையால் தள்ளவேண்டும். ஆக, முன்னால் போய்க்கொண்டிருக்கிற காரைப் பின்னால் எடுக்க எந்தக் கியரையும் தேடவேண்டாம், காலை மாற்றி வைத்தால் போதும். 20 குதிரைத்திறன்தான், நம்ம ஊர்ச் சின்னக் கார், 660 சிசி பெரோடுவா கஞ்சிலைவிடக் குறைவு. ஆனால் கதவு, கூரை எல்லாம் கழற்றிய பிறகு எடையும் கஞ்சிலைவிடக் குறைவு. இதைச் சொன்னதும் பட்டறைப் பையன்கள் பழைய கஞ்சில் இரண்டை வாங்கி ஆடிப் பார்க்கலாமா என்று கிளம்பிவிட்டார்கள். கிளட்சை மிதித்து, ரிவர்ஸைப் போட்டு, மறுபடி விடுவதற்குள் எதிராளி கோல் போட்டுவிட்டுப் போய்விடுவான் என்று சொல்லி அடக்கி வைத்திருக்கிறேன். ஆட்டோ கியர் கஞ்சில் கிடைக்கும் என்று ஒருவன் இன்னும் முனகிக்கொண்டிருக்கிறான்.

கார் கவிழ்ந்தால்? ஆட்கள் சேர்ந்து நிமிர்த்துவார்கள், முன்னால் கம்பியை விட்டுச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுவார்கள், ஆட்டம் தொடரும். பிற்பாடு சில கார்களில் தலைக்கு மேலே இரும்பு வளையம் மாட்டினார்கள். அதுவும் ஓட்டுகிறவருக்குத்தான் பிரயோசனம், தொங்குகிறவர் அது வரைக்கும் காரில் இருந்தால்தானே.

இப்போது சேதக் கணக்குக்கு வருகிறேன். 1924-ல் ஹாங்கின்சனின் பிரிட்டிஷ், அமெரிக்க அணிகளுக்கு அந்த வருடம் ஆன சேதத்தின் கணக்கு இது: உடைந்த சக்கரம் 1,564, வெடித்த டயர் 538, உடைந்த ஆக்சல் 66, வெடிப்பு விட்ட எஞ்சின் 10, மொத்தமாகப் போன கார் 6. தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் லாரியும் டிராக்டரும் பார்த்தே ஓய்வு பெற்ற என் பெரியப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன்.

“ஏம்பா, டயரைவிடச் சக்கரம் மூணு மடங்கு போயிருக்கே, மரச் சக்கரமா?” என்றார்.

ஆமாம், மரம்தான். மாடல் டி சக்கரத்துக்கு மர ஆரக்கால். நேராகப் போகும்போது எவ்வளவு பாரமும் தாங்கும். ஓடுகிற ஓட்டத்தில் வண்டியை ஒடித்துத் திருப்பினால் பாரம் முழுக்கப் பக்கவாட்டில் விழும், ஆரக்கால் அங்கேதான் முறியும். படத்தைப் பார்க்காமலேயே கண்டுபிடித்துவிட்டார் மனுஷன். அதோடு விட்டாரா, அடுத்த கேள்வி: “அது சரி, அவ்வளவு டயருக்கு யாரு காசு குடுத்தா? நம்ம வொர்க்‌ஷாப்புல டிராக்டர் டயர் ஒண்ணு வெடிச்சா கணக்கு எழுதுற கிராணி மூணு நாளைக்கு விசாரணை பண்ணுவாரு.”

காசு ஹாங்கின்சன் கொடுத்திருப்பார், டிக்கெட்டில் எடுத்திருப்பார். ஆனால் அந்த 1924-ம் வருடத்தை வைத்துப் பார்த்தால் கேள்வி நம்ம வாசலுக்கே வருகிறது. அப்போது உலகத்திலேயே அதிகமாக ரப்பர் கொடுத்தது மலாயா, ரப்பரை அதிகமாகத் தின்றது அமெரிக்கக் கார்கள். இங்கே பக்கத்தில் கோலகங்சாரில் 1877-ல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது, போகிற வழியில் பார்த்திருப்பீர்கள். அந்த வகை மரத்தைக் காடு காடாக நடவைத்து, பால் வெட்ட நம்ம தாத்தா பாட்டிகளைக் கங்காணிகள் வழியாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது அந்தக் கார் டயருக்காகத்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு ரப்பர் விலை விழுந்தது. உடனே பிரிட்டிஷ் அரசாங்கம் ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, 1922 நவம்பரிலிருந்து மலாயாவும் இலங்கையும் எவ்வளவு ரப்பர் வெளியே அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தியது. அதாவது இங்கே விலை ஏறவேண்டும் என்று ரப்பரை இறுக்கிப் பிடித்திருந்த அதே காலத்தில் அங்கே ஒரே ஆளின் அணிகள் வேடிக்கைக்காக 538 டயரை வெடிக்கவிட்டன. அடுத்த வருடம் விலை பவுண்டுக்கு ஒரு டாலரைத் தாண்டிப் போனது. அமெரிக்க டயர்க்காரர்கள் கத்தினார்கள், ஹென்றி ஃபோர்டு அமேசான் காட்டிலேயே ஃபோர்ட்லாந்தியா என்று சொந்தமாக ஒரு ரப்பர்த் தோட்டம் போடப் போனார், இலை நோய் வந்து அது தேறவில்லை.

538 டயரால் விலை ஏறியது என்று சொல்ல வரவில்லை, அது கடலில் கரைத்த பெருங்காயம். ஆனால் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பைத்தியக்காரத்தனம், பைத்தியக்காரத்தனம் என்று சிரித்துவிட்டுப் போகிறார்களே, எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹாங்கின்சன் கணக்குத் தெரிந்த ஆள். கார் மலிவு, பாகம் மலிவு, கூட்டம் காசு கொடுக்கும், உடைந்த கார் நாலு பேர் முன்னால் நிமிர்ந்து மறுபடி ஓடினால் அதைவிட நல்ல விளம்பரம் வேறு என்ன வேண்டும். துரைமார் விளையாட்டைத் தூக்கிச் சந்தையில் வைத்தார், அவ்வளவுதான்.

அதே கணக்குதான் கடைசியில் ஆட்டத்தை முடித்தும் வைத்தது. 1920-களின் கடைசியில் உடைகிற காருக்கும் பாகத்துக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை, 1927-ல் மாடல் டி தயாரிப்பும் நின்றுபோனது. ஹாங்கின்சன் கார் பந்தயம் நடத்துகிற பெரிய ஆளாகிவிட்டார், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் நடுப்பகுதியில் கார் போலோ கொஞ்ச நாள் மறுபடி தலைகாட்டிவிட்டுப் போனது. பெரியப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை, வண்டியை அந்தப் பாடு படுத்தியவனைத் தோட்டத்துக்குள்ளேயே விட்டிருக்கக்கூடாது என்கிறார். எனக்கு ஆசை இருக்கிறது. ஓட்டுகிற வேலை என்றால் இன்றைக்கே வருவேன், மட்டைக்காரர் வேலைக்கு ஆட்டோ கியர் கேட்ட அந்தப் பையனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.